சாவி வாங்குங்க, ஆனா தரையைத் தட்டிடாதீங்க!

"நல்ல நேரம் முடியுறதுக்குள்ள புது வீட்டுச் சாவிய வாங்கிக்கங்க சார்." வாங்கிக்கலாம். அதுக்கு முன்னாடி பாத்ரூம்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாக்கலாமா? உடனே சூப்பர்வைசர் மூஞ்சி மாறும். ஏன்னா தண்ணி வடிகால் ஜாலிக்குப் போகாது, நேரா வாசப்படிக்கு வரும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு, அதாவது வாட்டம் வேணாமாய்யா?

டைல்ஸை 5 ரூபாய் காசால தட்டினா காலிப்பானை சத்தம். கலவைய முழுசாப் பரப்பாம, நடுவுல ஒரு உருண்டைய வச்சு அமுக்கியிருக்காங்க. பீரோ கால் டைல்ஸ் மூலைல உக்காந்தா விரிசல்தான். "எல்லா வீட்லயும் அப்படித்தான் சார்." ஆமா, எல்லா வீட்டையும் நீங்கதானே கட்டுறீங்க!

புதுச்சேரில ஐப்பசி, கார்த்திகை மழை நேராவா பெய்யுது? கடல்காத்தோட படுக்கையா அடிக்கும். 2011ல 'தானே' புயல், 2024ல 'ஃபெஞ்சல்' புயல்னு பாத்த ஊரு. இங்க வந்து ஜன்னல் ட்ராக்ல தண்ணி வெளியேறுற ஓட்டைய சிமெண்டால அடைச்சு, ஜன்னலுக்கு அடில இருக்குற கல்லை உள்பக்கமா சாய்ச்சு வச்சா? மழைநீர் சேகரிப்பு என்ன ஹால்லயா?

ஒழுகுதான்னு பாக்க மொட்டைமாடில 48 மணி நேரம் தண்ணி கட்டணும்னா மோட்டார் வரலையாம். கரண்ட் இருந்தும், ஷாக் அடிச்சா கரண்ட்ட கட் பண்ற ஆர்சிசிபி சுவிட்ச் டெஸ்ட் பட்டனை அமுக்கினா விழாது. "அது சும்மா சார்." ஷாக் அடிச்சா அதுவும் சும்மாவா?

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3)படி, கட்டுமானக் குறைய 5 வருஷத்துக்குள்ள சொன்னா 30 நாள்ல இலவசமா சரிபண்ணணும். இதைச் சொன்னா பலமாத் தலையாட்டி, "எந்தக் குறையும் இல்லை"ன்னு அடிச்ச தாளை நீட்டுவாங்க. பேனா மூடிய மட்டும் கச்சிதமா கழட்டி வச்சிருப்பாங்க.