டேங்க் கொண்டுபோய் விடும், கூட்டிவராது

டிசிஎஸ், ஃபால்கன் பிஎம்எஸ் மாதிரியான போர் விமான சிமுலேட்டர்கள் ஆடுபவர்களுக்கான பதிவு இது. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், கோபமில்லை.

ஆன்லைன் சர்வர்களில் இரண்டு ரகம் பார்க்கிறேன். எஃப்-16 போர் விமானம் என்றதும் யோசிக்காமல் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 370 கேலன் டிராப் டேங்க்கைத் (வெளியே மாட்டி, வேண்டாதபோது வானிலேயே கழற்றிவிடும் எரிபொருள் டேங்க்) தொங்கவிட்டு ஓடுபாதைக்கு வருபவர்கள் ஒரு ரகம். வெளி டேங்க் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இன்னொரு ரகம். "சண்டைக்குப் போறியா, தண்ணி லாரி ஓட்டப் போறியா?" என்று இவர்கள் அவர்களைக் கிண்டலடிப்பார்கள். இரண்டு பேருமே கணக்குப் போடுவதில்லை என்பதுதான் என் குறை. போகிற தூரம் என்ன, சண்டை எங்கே நடக்கும், திரும்பி வர எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் இரண்டு பக்கமும் பதில் வராது.

எஃப்-16 உள்ளுக்குள் சுமப்பது சுமார் 7,000 பவுண்ட் எரிபொருள். ஒரு 370 கேலன் டேங்க்கில் ஏறத்தாழ 2,500 பவுண்ட் பிடிக்கும். ஆக இரண்டு டேங்க் மாட்டினால் எரிபொருள் 70 சதவீதம் கூடுகிறது. ஆனால் தூரம் 70 சதவீதம் கூடாது. அந்த எடையைத் தூக்கவும், டேங்க் கொடுக்கிற காற்றிழுவையை மீறிப் போகவும் அதே எரிபொருளில் ஒரு பங்கு செலவாகிவிடும். எரிபொருள் தீர்ந்ததும் எடை போய்விடும், இழுவை போகாது. காலி டேங்க்கோடு சுற்றுபவர் ஒன்றுமில்லாததற்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்.

"டேங்க்கே வேண்டாம்" கட்சிக்கும் ஒரு கணக்கு. தாழ்ந்த உயரத்தில் ஆஃப்டர்பர்னரை (ஜெட்டின் வால் பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) முழுசாகத் திறந்தால் அந்த 7,000 பவுண்ட் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஏறுவதற்கும் போய்ச் சேருவதற்கும் அதிலிருந்தே எடுத்துவிட்டு, மிச்சத்தில் சண்டையும் போட்டுத் திரும்பியும் வர வேண்டும் என்றால் எப்படி? பாதிச் சண்டையில் முதுகைக் காட்டி ஓடுபவர்களில் பலர் பயந்து ஓடுவதில்லை, பெட்ரோல் இல்லாமல் ஓடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: போகிற வழிக்கு வெளி டேங்க், சண்டைக்கும் திரும்பி வருவதற்கும் உள் டேங்க். டேங்க் உங்களைக் கொண்டுபோய் விடும், கூட்டிக்கொண்டு வராது. சண்டை தொடங்கும்போது அதைக் கழற்றிவிட்டே ஆக வேண்டும் என்பதால், உங்கள் எல்லையை முடிவு செய்வது டேங்க்கின் அளவு அல்ல. உள்ளே இருப்பதைக் கொண்டு எவ்வளவு தூரத்திலிருந்து சண்டை போட்டுத் திரும்ப முடியும் என்பதுதான் எல்லை.

இது நான் கண்டுபிடித்தது இல்லை, இரண்டாம் உலகப்போர் முழுக்க இந்தக் கதைதான். 1940இல் பிரிட்டன் மேல் பறந்த ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஸ்மிட் 109இன் உள் கொள்ளளவு 400 லிட்டர். வெளி டேங்க் மாட்ட வசதியுள்ள ரகம் அப்போதுதான் மெல்ல வரத் தொடங்கியிருந்தது. லண்டன் மேல் பத்து நிமிடம் சொச்சம்தான் நிற்க முடிந்தது, பிறகு கண் முழுக்க எரிபொருள் முள் மேலேயே. 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகருக்குப் போன அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. துணைக்குப் போன பி-47 போர் விமானங்கள் ஜெர்மன் எல்லை அருகிலேயே திரும்ப வேண்டியிருந்தது. பெரிய டேங்க் மாட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். மாட்டினார்கள், தூரமும் கூடியது. ஆனால் பி-47இன் உள்ளே இருந்தது 305 கேலன்தான், வெளியே எவ்வளவு பெரிதாகத் தொங்கவிட்டாலும் திரும்பி வர இந்த 305தான் துணை. பிறகு வந்த ரகங்களில் உள் கொள்ளளவையே 370 கேலனாக ஏற்றினார்கள். பி-51 மஸ்டாங் 1944 மார்ச்சில் பெர்லின் வரை போய் வந்ததற்குக் காரணம் வெளி டேங்க் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விமானியின் இருக்கைக்குப் பின்னால் திணித்த 85 கேலன் உள் டேங்க்குக்கு அந்தப் பெருமையில் பாதியாவது சேர வேண்டும்.

டிசிஎஸ்ஸில் மஸ்டாங் ஓட்டுபவர்கள் இதைக் கையாலேயே உணரலாம். அந்தப் பின் டேங்க் நிறைந்திருக்கும்போது எடை மையம் பின்னால் போய்விடும், இறுக்கித் திருப்பினால் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது. அதனால் அன்றைய விமானிகள் முதலில் அதைப் பெரும்பகுதி காலி செய்துவிட்டுத்தான் வெளி டேங்க்குக்கு மாறுவார்கள். அதற்கும் முன்னால், கிளம்புவது இடது இறக்கைக்குள் இருக்கும் டேங்க்கில். கார்புரேட்டரிலிருந்து திரும்பும் எரிபொருள் அங்கேதான் வந்து விழும், அதற்கு இடம் வேண்டும். டேங்க்கைக் கழற்றும் முன் செலக்டரை (எந்த டேங்க்கிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் திருகி) உள் டேங்க்குக்குத் திருப்பாவிட்டால் எதிரி முன்னால் எஞ்சின் இருமும். இத்தனையையும் ஒரு கையால், பனிக்குளிரில், ஐந்தாறு மணி நேரம் செய்த பையன்களுக்கு வயது இருபது சொச்சம். (பிரிட்டனில் செய்த 108 கேலன் டேங்க் வெறும் காகிதம்! பிசினில் ஊறவைத்து அழுத்திய காகிதம். சில மணி நேரத்துக்கு மேல் பெட்ரோலைத் தாங்காது என்பதால் கிளம்பும் முன்தான் நிரப்புவார்கள்.)

ஜெட் காலத்துக்கு வந்தால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குணம். ஆரம்பகால மிக்-29க்கு வயிற்று டேங்க் மாட்டினால் பீரங்கியைச் சுட முடியாது, காலித் தோட்டாக்கள் வெளியே விழும் வழியை டேங்க் மறைத்துவிடும். சு-27க்கோ வெளி டேங்க்கே கிடையாது, உள்ளே மட்டும் 9,400 கிலோ பிடிக்கும். அதை முழுக்க நிரப்பிக்கொண்டு வந்து "இது திரும்பவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த விமானத்துக்குச் சாதாரண சுமை என்பது ஐந்தாயிரத்துச் சொச்சம் கிலோதான், அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கழற்ற முடியாத டிராப் டேங்க்.

எஃப்-16இல் இன்னொரு வேடிக்கை. வானில் எரிபொருள் நிரப்பிய பிறகு, அதற்காகத் திறந்த சுவிட்சை மூட மறந்தால் வெளி டேங்க்குகளுக்கு அழுத்தம் கிடைக்காது. டேங்க் நிறைய எரிபொருள் தொங்கிக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் குறைந்துகொண்டே வரும். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். அளவு காட்டும் குமிழை அவ்வப்போது வெளி டேங்க் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

எப்போது கழற்றுவது என்பதில்தான் எனக்குச் சர்வர் ஆட்டக்காரர்களோடு பெரிய சண்டை. எதிரி ரேடாரைக் கண்டு சொல்லும் எச்சரிக்கைக் கருவி முதல் தடவை பீப் என்றதுமே பொத்தானை அழுத்துகிறார்கள். அதுவும் அவசர ஜெட்டிசன் (தொங்குவதை ஒட்டுமொத்தமாகக் கழற்றிவிடும் பொத்தான்)! டேங்க்கோடு குண்டும் விழுந்து, எதற்காகக் கிளம்பினோமோ அதுவே போய்விடும். எதிரிக்கு ஏவுகணைச் செலவுகூட இல்லை, ரேடாரைக் காட்டியே உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். டேங்க்கை மட்டும் கழற்றும்படி செலக்டிவ் ஜெட்டிசன் பக்கத்தைத் தரையிலேயே தயார் செய்து வைக்க ஒரு நிமிடம் ஆகுமா?

பிங்கோவும், அதாவது இதற்குக் கீழே போனால் வீட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே வைக்கும் எரிபொருள் அளவும், அப்படித்தான். டேங்க் கழன்ற விமானத்துக்கு ஒரு பிங்கோ, இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு அதைவிடக் கூடுதலாக இன்னொன்று. இழுவை கூடுதல் என்றால் வீட்டுக்கு வரும் செலவும் கூடுதல்தானே. ஒரே எண்ணைப் போட்டுவைத்துவிட்டு ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் கிளைடராக மாறுகிறவர்கள் சிமுலேட்டரைத் திட்டுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கெல்லாம் வேர், டேங்க் இலவசம் என்பதுதான். நிஜ விமானப்படையில் பயிற்சிக்குப் போன டேங்க் பத்திரமாகத் திரும்பி வரும். நம் சர்வரில் தரையிறங்கினால் புதுசு தயார். ஆகவே மிஷன் எழுதும் நண்பர்களுக்கு என் கோரிக்கை: ஏவுகணைகளுக்குக் கையிருப்பு வரம்பு வைக்கிறீர்கள் அல்லவா, டிசிஎஸ்ஸின் கிடங்கு அமைப்பில் டேங்க்குக்கும் அதே வரம்பை வையுங்கள். ஒரு தளத்துக்கு இத்தனைதான், கழற்றிப் போட்டால் அடுத்தவருக்கு இல்லை. முதல் வாரம் உங்களைத் திட்டுவார்கள். அந்தத் திட்டில் என் பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன், பின்னூட்டத்தில் ஆரம்பியுங்கள்.