நாவல்பழம் என்று சொன்னால் என்ன?

ஒயின் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு "பிளாக்கரண்ட் வாசம் வருதா சார்?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? நான் பிளாக்கரண்டைப் பார்த்ததெல்லாம் ஐஸ்கிரீம் கடையில், ஊதா நிறத்தில், ஒரு கரண்டி அளவுக்கு. அது செடியில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்றுகூடத் தெரியாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் "வருது, வருது" என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெங்களூரில் சைக்கிள் வைத்திருக்கிறவனுக்கு நந்தி மலை ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. ஒரு தடவையாவது ஏறாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் மரியாதை கிடையாது. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்துக்குக் கீழே ஐந்து பேர் கூடினோம். நான் கம்பத்துக்காரன். கூட வந்தவர்கள் ஆம்பூர் மாப்ள ஒருவன், நாகர்கோவில் அக்கா (மருத்துவர், எங்களில் வேகமாக ஏறுகிறவர், மது தொடாதவர்), மைசூர் நண்பர் ஒருவர், அப்புறம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி. தம்பி கடன் வாங்கிய சைக்கிளில் வந்திருந்தான். தேவனஹள்ளி தாண்டுவதற்குள் பின் சக்கரம் பஞ்சர். மாற்று ட்யூப் எங்கே என்றால், "அது தனியா வாங்கணுமாண்ணே?" என்கிறான். மொபைல் வெளிச்சத்தில் டயரைக் கழற்றி மாட்டிக் கிளம்ப அரை மணி நேரம். ஏர்போர்ட் டாக்ஸிகள் காதோரம் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

காரஹள்ளி கிராஸில் திரும்பி மலையடிவாரம் வந்தபோது பனிமூட்டத்தில் மலையே தெரியவில்லை. அதுவும் நல்லதுதான், தெரிந்திருந்தால் தம்பி திரும்பிப் போயிருப்பான். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. முதல் பாதியில் பேசிக்கொண்டே ஏறினோம். பிறகு பேச்சு நின்றது. என் காலுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் மலை. அதுவரை ஏறியதெல்லாம் மேடு. ஒரு வளைவில் இறங்கித் தள்ளினேன். அக்கா மேலேயிருந்து திரும்பி இறங்கி வந்து, "தள்ளுனா என்ன, அதுவும் சைக்கிள்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிப் போனார். ஆறுதலா நக்கலா என்று இன்றுவரை புரியவில்லை.

உச்சி 1,478 மீட்டர். (வார இறுதியில் மேலே விடுவதற்கான விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள். விசாரித்துவிட்டுப் போங்கள்.) மூட்டம் விலகியதும் எல்லோரும் செல்ஃபி எடுக்க, ஆம்பூர் மாப்ள மட்டும் கிழக்கே பார்த்து நின்றான். பாலாறு இந்த நந்தி மலைப் பகுதியில்தான் பிறக்கிறது. தென்பெண்ணையும் இந்தப் பக்கம்தான். "எங்க ஊருக்கு வர்றப்ப வெறும் மணலாத்தான்டா வருது" என்றான். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இட்லி சாப்பிடப் போனோம்.

சனிக்கிழமை அன்று யாரும் குடிக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. மைசூர் நண்பருக்குக் கோபம். அவர் முதலில் கொண்டுவந்த திட்டமே வேறு. சைக்கிளில் ஒரு ஒயின் தோட்டம், அங்கே நாலு மடக்கு, பிறகு அடுத்த தோட்டம், அங்கே நாலு மடக்கு என்று யாரோ ஒரு பேக்கேஜ் விற்கிறார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை இருக்கிறது, அது சைக்கிளுக்கு இல்லையே என்று அவர் வாதாடினார். சட்டத்தை விடுங்கள், தொட்டபள்ளாபூர் ரோட்டில் கிரானைட் லாரி வருகிறது. லாரிக்கு நீங்கள் குடித்தது ஷிராஸ் ஒயினா, சாராயமா என்று தெரியாது. சைக்கிள் முதலில், ஒயின் பிறகு, திரும்புவது குட்டி யானையில் என்று அக்கா தீர்ப்பு சொன்ன பிறகுதான் அடங்கினார். அன்று மதியம் ஹோம்ஸ்டேயில் படுத்தவர்கள் ஆறு மணிக்குத்தான் எழுந்தோம். ராத்திரி ராகிக்களியும் கோழிக் குழம்பும்.

ஞாயிறு காலைப் பயணம் சின்னது, பதினெட்டு கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். இந்த வார இறுதியில் எனக்குப் பிடித்ததே அதுதான். சாலையோரம் முழுக்க கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்கள். ஒரு நிமிஷம் சுருளிப்பட்டி பக்கம் போய்க்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற கதை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அந்தக் கதை செய்தித்தாளில் வந்தது. நந்தி அடிவாரத்தில் இருப்பது பெங்களூர் ப்ளூ. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ரோட்டோரம் ஒரு அம்மாவிடம் ஒரு கிலோ வாங்கினோம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே சின்ன வயதில் தின்ற ஊதா மிட்டாய் வாசம். பன்னீருக்கு இந்த வாசம் கிடையாது, அது வேறு மாதிரி, பெயரே சொல்லிவிடுகிறது.

ஒயின் தோட்டத்துக்குள் நுழைந்ததும் பந்தல் மறைந்துவிட்டது. இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடிகள். இந்தப் பகுதியில் இதை ஆரம்பித்து வைத்தவர் கன்வல் குரோவர் என்ற மும்பைத் தொழிலதிபர். 1988-ல் இந்த அடிவாரத்தில் பிரெஞ்சு ரகங்களை நட்டார். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் என்பதால் பகலில் வெயில், ராத்திரியில் குளிர், பழத்தில் புளிப்பு தங்கும். நாங்கள் போன தோட்டம் எது என்று சொல்லப்போவதில்லை, குறை சொல்லப்போகிறேன் அல்லவா?

சுற்றிக் காட்டிய பையன் ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தான். ஷிராஸ். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. தோல் தடிப்பு. உள்ளே பாதி இடம் கொட்டைக்கு. ஆனால் இனிப்பு! ஒயின் திராட்சை புளிக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடையில் வாங்கித் தின்கிற திராட்சையைவிட இது நன்றாகவே இனிப்பு. சர்க்கரையை அளக்கிற பிரிக்ஸ் மீட்டரில் 23 காட்டியது. அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் ஒயின் இல்லை.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். இங்கே தூங்காது. அதனால் நாமாகக் கத்தியை வைத்துத் தூங்கி எழுந்த மாதிரி அதை ஏமாற்ற வேண்டும். கோடையில் ஒரு கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது), மழை ஓய்கிற சமயம் இன்னொரு கவாத்து, ஆனால் அறுப்பு ஒன்றே ஒன்று, பிப்ரவரி மார்ச்சில். கம்பத்திலோ வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும். எந்தக் கண் விட்டு வெட்டுகிறீர்கள், வெட்டுக்கூலி என்ன, மழை பெய்தால் என்ன மருந்து என்று கேட்டேன். பையன் சிரித்துக்கொண்டே, "சார், டேஸ்டிங் ரூமுக்குப் போகலாமா?" என்றான். பாவம், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

டேஸ்டிங் ரூமில் ஏசி, வெள்ளை மேசைவிரிப்பு, ஆளுக்கு ஐந்து கோப்பை. நம் ஊரில் 'ஒயின்ஷாப்' என்று சொல்கிற இடத்தில் பெயருக்குக்கூட ஒயின் வாங்க ஆள் இருக்காது. அந்தப் பழக்கத்தில் வந்த தம்பி, முதல் கோப்பையை ஒரே மடக்கில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று பார்த்தான். வழிகாட்டி பெண், சுழற்றி, முகர்ந்து, வாயில் உருட்டி, வேண்டுமானால் இந்தக் குவளையில் துப்பலாம் என்று விளக்கினார். தம்பிக்கு அதிர்ச்சி, காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா! வெற்றிலை போட்டுத் துப்பின பரம்பரைதானேடா நாம் என்று மாப்ள எடுத்துக் கொடுத்தான். நான் துப்பினேன். ஐந்தும் துப்பவில்லை, மூன்று.

சிக்கல் வார்த்தையில்தான் வந்தது. சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் கூஸ்பெர்ரி இருக்கிறதாம் (நம் நெல்லிக்காய் இல்லை, அது ஐரோப்பியப் பழம்). ஷிராஸில் பிளாக்பெர்ரி. கேபர்னே என்ற சிவப்பு ஒயினில் பிளாக்கரண்டும் சீடர் மரமும். அந்த அறையில் இருந்த யாருடைய வீட்டுக் கொல்லையிலும் இதில் ஒன்றுகூட வளர்ந்ததில்லை. ஆனாலும் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் மாதிரி எல்லோரும் 'சரியான' பழத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தேன். சாவின்யோன் பிளாங்கில் எனக்குக் கிடைத்தது கொய்யா. செங்காயாக, கடித்தால் நறுக்கென்று இருக்குமே, அது. கூடவே நறுக்கிய பச்சைக் குடைமிளகாய். கேபர்னேயில் நாவல்பழம். தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டி விளையாடுவோமே, அதே நாவல். ஷிராஸில் மிளகு. இது என் கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த வாசத்தைத் தருகிறது. குமுளிச் சந்தையில் வளர்ந்த மூக்குக்கு இதைக் கண்டுபிடிக்க யார் உதவி வேண்டும்?

அப்புறம் துவர்ப்பு. சிவப்பு ஒயினைக் குடித்தால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகும். தோலிலும் கொட்டையிலும் இருக்கிற டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருவது. வழிகாட்டி இதைச் சொல்லப் பாடுபட்டார். "ஒரு மாதிரி ட்ரையா இருக்கும்" என்றார். உடனே பக்கத்து மேசையில் ஒருவர், "வெள்ளை ஒயினையும் ட்ரைன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. ஒயின்காரர்கள் ட்ரை என்று சொல்வது இனிப்பு இல்லை என்ற அர்த்தத்தில். வாய் இழுப்பது வேறு. நமக்கு அறுசுவையில் துவர்ப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. வாழைப்பூ, பாக்கு, கடுக்காய் என்று அதைச் சோற்றோடும் மருந்தோடும் தின்று வளர்ந்தவர்கள் நாம். அக்கா ஒயினைத் தொடவில்லை, அவருக்குத் திராட்சைச் சாறு கொடுத்திருந்தார்கள். "துவர்ப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு, இதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார்.

என் கட்சி இதுதான். இரவல் பழங்களை விட்டுவிட்டு நாவல், கொய்யா, மிளகு என்று உரக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புளியங்காய் வாசம் வந்தால் புளியங்காய்தான். வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விளைவது கர்நாடகத்து மண்ணில், குடிக்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள், பட்டியல் மட்டும் ஏன் லண்டன் சந்தையிலிருந்து வர வேண்டும்?

அதற்காக ஒயின் ஏதோ மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் இதயத்துக்கு நல்லது என்று ஆரம்பித்ததும் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கணக்கும் எளிது. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் இருக்கிற ஆல்கஹாலும், டாஸ்மாக்கில் விற்கும் 42.8 சதவீதச் சரக்கு 45 மில்லியில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்று, சுமார் 15 கிராம். கோப்பைக்குக் காம்பு இருந்தால் மட்டும் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது.

கடைசிக் கோப்பையை ஊற்றும்போது அந்தப் பெண், "இது போர்டோ பாணி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்ள முறைத்தான். காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் போர்டோ என்றால் மருந்து. போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கிற அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் துத்தத் தண்ணீரை ஊற்றி, குச்சியால் கலக்க வேண்டும். பிறகு துலக்கிய கத்தியை அதில் முக்கி எடுப்பார் அப்பா. கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். நாலாம் வகுப்புப் படிக்கும்போது அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. போர்டோ என்பது பிரான்ஸில் ஓர் ஊர் என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும். அந்த ஊர்ப் பக்கத்து விவசாயிகள் ரோட்டோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களை விரட்ட இந்த நீலக் கரைசலைத் தெளித்தார்களாம். தெளித்த கொடிக்கு மட்டும் நோய் வரவில்லை. அதைக் கவனித்த மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-ல் உலகத்துக்குச் சொன்னார். அந்த ஊரின் ஒயின் எங்கள் அப்பா வரை வந்து சேரவில்லை. மருந்து வந்துவிட்டது.

குட்டி யானை வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே வந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஒயின் தோட்டம் என்று மட்டும் சொன்னேன், ருசி பார்த்ததைச் சொல்லவில்லை. கொடியைக் காட்டச் சொன்னார். "என்னடா இது, பந்தல் இல்லாம நிக்க வச்சிருக்காங்க?" என்றார். குலையைக் காட்டினேன். "இம்புட்டுக் கொட்டை இருந்தா எந்த வியாபாரிடா எடுப்பான்?" அப்புறம், "இலையத் திருப்பிக் காட்டு" என்றார். திருப்பினேன். சுத்தமாக இருந்தது. "நல்லா வச்சிருக்காங்கப்பா. போன மழைக்கு என்ன அடிச்சாங்கன்னு கேளு."

பக்கத்து வரிசையில் பழம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா தெலுங்கில் என்னவோ கேட்டார். எங்கள் வீட்டில் பேசுவதும் தெலுங்குதான், கம்பத்துத் தெலுங்கு. போனை அவர் பக்கம் திருப்பினேன். அப்பா கேட்டதற்கு அந்த அம்மா, போர்டோ என்று ஒரே வார்த்தையில் சொன்னார். சுண்ணாம்பு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று அப்பா விடவில்லை. அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவி, கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினார்.