டொலர் இறங்கினால் பப்பாசிக்கு ஏன் இவ்வளவு அடி?

2023இல் இலங்கை ரூபா பலப்பட்டது நல்லதுதான். பால்மாவும் பெற்றோலும் வாங்குகிறவனாக நானும் மகிழ்ந்தேன். ஆனால் நெடுங்கேணியில் முக்கால் ஏக்கரில் றெட் லேடி பப்பாசி வைத்தவனாக எனக்கு ஒரு பழைய கணக்கு இன்னும் தீரவில்லை.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. டொலர் விலையைப் பிடித்து வைத்திருந்த மத்திய வங்கி பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் 360 ஆனது. அந்த நாட்களில் துபாய்க்குப் பழம் எடுக்க வந்தவர், காயில் மஞ்சள் கீற்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். காம்பில் வடிந்த பாலைத் துடைத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றினார். கைத்தொலைபேசியை மட்டும் வெளியே எடுக்கவில்லை. 2023 ஜூனில் டொலர் 300க்குக் கீழே வந்தபோது அதே மனிதர் முதலில் எடுத்ததே அதைத்தான். "அண்ணை, இன்றைய டொலர் விலையைப் பாருங்கள்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. விமானக் கூலி போக ஒரு பெட்டிக்கு 10 டொலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டொலர் 360 என்றால் 3,600 ரூபா. ஆள்கூலி, லொறி, பெட்டி, ஏற்றுமதிக்காரரின் இலாபம் எல்லாம் 1,800. தோட்டக்காரனுக்கு மிச்சம் 1,800. டொலர் 300 ஆனால் வருவது 3,000. மற்றவர்கள் யாரும் தங்கள் பங்கைக் குறைக்க மாட்டார்கள். ஆகவே எனக்கு 1,200. டொலர் இறங்கியது ஆறில் ஒரு பங்கு, நான் இழந்தது மூன்றில் ஒரு பங்கு!

உரமும் மருந்தும் டொலரில் வருபவைதானே, அவை இறங்க வேண்டாமா? இறங்கின, நொண்டி நொண்டி. கேட்டால் "பழைய சரக்கு அண்ணை" என்கிறார் கடைக்காரர். 2022இல் விலை ஏறிய அன்று அவரிடம் பழைய சரக்கு ஒரு மூட்டைகூட இருக்கவில்லை.

ரூபா விழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டான். பழம் எடுப்பவர்கள் டொலர் விலையோடு சேர்த்து என் விலையையும் எழுத்தில் கட்டித் தரட்டும். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. போன முறை கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் கொழும்பில் எடுக்கிற முடிவு அண்ணை" என்று சிரித்தார்.

பப்பாசி நின்ற நிலத்தில் பாதிக்கு இம்முறை கச்சான் போட்டிருக்கிறேன். அதை வாங்க வருகிற அக்கா டொலரைப் பற்றிக் கேட்பதில்லை. கோதை உடைத்து, பருப்பை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்.