கிரியோன் ஆன்டிகனிக்குத் தாய்மாமன்
பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ஆன்டிகனி நாடகத்தை அரசாணைக்கும் ஒரு சகோதரியின் பாசத்துக்கும் நடக்கும் மோதலாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் கிரியோன் வெறும் அரசன் இல்லை, நாயகி ஆன்டிகனியின் தாய்மாமன். இறந்து கிடக்கும் அவள் சகோதரன் பாலினைசீஸ் அவருக்குச் சொந்தச் சகோதரி பிள்ளை. அந்த வீட்டில் வேறு ஆண் மிஞ்சாதபோது, உடலை அடக்கம் செய்யும் கடமை அவருக்கும்தானே இருந்தது? அதையே அவர் ஆணை போட்டுத் தடுக்கிறார்.

என்னை உலுக்குவது கடைசிப் பகுதி. ஆணையை மீறிச் சகோதரனை அடக்கம் செய்ய முயன்றதற்காக ஆன்டிகனியைக் கிரியோன் உயிரோடு ஒரு குகையில் அடைத்துவிட்டார். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்கிறது கோரஸ், அதாவது நாடகத்தில் வரும் ஊர்ப் பெரியவர்கள் குழு. கிரியோன் வரிசையை மாற்றிவிடுகிறார். பாலினைசீஸின் உடலை எரித்து, மண்மேடு எழுப்பி முடித்துக் குகைக்குப் போனால், அவள் தூக்கில் தொங்குகிறாள். அவளை மணக்க இருந்த அவருடைய மகன் ஹீமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்பாவைக் கண்டதும் வாளை உருவுகிறான்.