இரண்டு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

டெக்சஸில் டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களிடம் வீட்டுக் காப்பீட்டுக்குப் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். போன ஆண்டைவிட எவ்வளவு ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் புலம்புவார்கள். காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் டிடக்டிபிள், அதாவது சேதச் செலவில் நிறுவனம் தராமல் நாமே ஏற்க வேண்டிய முதல் பகுதி, எவ்வளவு என்று கேளுங்கள். "இரண்டு சதவீதமோ என்னவோ" என்பார்கள். எதில் இரண்டு சதவீதம் என்றால், "சேதத்தில்தான், வேறு எதில்?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

சேதத்தில் இல்லை ஐயா. வீடு தரைமட்டமானால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று நிறுவனம் காப்பீட்டுத் தொகை என்று ஒன்று போட்டு வைத்திருக்கிறதே, அதில் இரண்டு சதவீதம். கூரையில் நாலு ஓட்டை விழுந்தாலும் கணக்கு முழு வீட்டுக்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் வீட்டில் நடந்தது இது. வசந்தகாலத்து ஆலங்கட்டி மழைக்குப் பிறகு, சேதத்தை மதிப்பிட நிறுவனத்தின் சார்பில் அட்ஜஸ்டர் வந்தார். ஏணி போட்டு ஏறி, கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சாக்பீஸால் கட்டம் கிழித்தார். கட்டத்துக்குள் ஷிங்கிள் என்கிற கூரைத் தகட்டின் மேல்மணல் உதிர்ந்து கறுத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக வட்டமிட்டு எண்ணினார். முழுக் கூரையையும் மாற்ற வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நண்பர் வீட்டில் பாயசம் வைக்காத குறை.

மதிப்பீடு 17,000 டாலர். வீட்டின் காப்பீட்டுத் தொகை 5,20,000. அதில் இரண்டு சதவீதம் 10,400. அதைக் கழித்தால் மீதி 6,600. கூரை பழையது என்று தேய்மானக் கணக்கில் 5,000 டாலரை நிறுத்திவைத்தார்கள். வேலை முடித்து ரசீது காட்டினால் வருமாம். முதலில் கைக்கு வந்த காசோலை 1,600 டாலர்.

அவர் வீடு வாங்கியபோது காப்பீட்டுத் தொகை 3,20,000, டிடக்டிபிள் ஒரு சதவீதம். அதாவது 3,200 டாலர். கட்டுமானச் செலவு ஏற ஏறக் காப்பீட்டுத் தொகையை நிறுவனமே ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டு வந்தது. நடுவில் பாலிசியைப் புதுப்பித்த ஒரு ரினிவலில் டிடக்டிபிள் ஒரு சதவீதத்திலிருந்து இரண்டானது. தடித்த உறைக்குள் எங்கோ ஒரு தாளில் ஒரு வரியாக அறிவிப்பும் வந்திருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி. 3,200 என்பது 10,400 ஆகிவிட்டது என்று மட்டும் எந்தத் தாளிலும் பளிச்சென்று எழுதியிருக்கவில்லை.

நிறுவனங்கள் ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை என்பது எனக்கும் தெரியும். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைத் துவம்சம் செய்தபோது பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. சதவீதக் கணக்கு பரவலானது அதற்குப் பிறகுதான். முதலில் கடலோரச் சூறாவளிக்கு வந்தது, பிறகு கடலே பார்க்காத ஊர்களின் ஆலங்கட்டிக்கும் வந்துவிட்டது. 2023இல் அமெரிக்காவில் இடி, சுழற்காற்று, ஆலங்கட்டி வகைப் புயல்களுக்கு மட்டும் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்ற இழப்பு 5,000 கோடி டாலரைத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் மறுகாப்பீடும் விலை ஏறியது. பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பிரீமியத்தை ஏற்றினால் நமக்குத் தெரிகிறது. ஏஜென்ட்டிடம் சண்டை போடுகிறோம், வேறு நிறுவனத்தில் விசாரிக்கிறோம். டிடக்டிபிளை ஏற்றினால் கல் விழுகிற நாள்வரை யாருக்கும் தெரிவதில்லை. "பிரீமியம் குறையும், இரண்டு சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொலைபேசியில் சொல்கிறவர், அது எத்தனை ஆயிரம் டாலர் என்று அதே மூச்சில் சொல்லட்டுமே. என் கோபமெல்லாம் இதில்தான்.

மழை நின்ற மறுநாளே கதவைத் தட்டும் கூரைக்காரர்கள் "உங்கள் டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். நம்பாதீர்கள். 2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் அது குற்றம். டிடக்டிபிளை நீங்கள் கட்டியதற்கு ஆதாரம் கேட்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்தச் சட்டத்தில் எனக்குக் குறை இல்லை, மோசடி மோசடிதான். வீட்டுக்காரன் கடைசி டாலர்வரை கட்டியாக வேண்டும் என்று அவ்வளவு கறாராக எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் டாலரில் காட்டு என்று நிறுவனத்திடம் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

அரசு நினைத்தால் முடியும். 2004இல் ஃபுளோரிடாவை ஏழு வாரத்துக்குள் நான்கு சூறாவளிகள் தாக்கின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிடக்டிபிள் என்று மக்கள் நொந்துபோன பிறகு, ஓர் ஆண்டில் எத்தனை சூறாவளி வந்தாலும் சூறாவளி டிடக்டிபிள் முழுதாக ஒருமுறைதான் என்று அங்கே சட்டம் வந்தது. 2012இல் சாண்டி புயல் கரையைத் தொட்டபோது, அது இனிச் சூறாவளி இல்லை, சூறாவளி டிடக்டிபிளைப் பிடிக்காதீர்கள் என்று நியூஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட் ஆளுநர்கள் அறிவித்தார்கள். நம் ஆலங்கட்டிக்கு அப்படிக் கேட்பார் இல்லை. ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று விழுந்தால் இரண்டு டிடக்டிபிள்.

வீட்டுக் கடன் தீரும்வரை காப்பீடு இல்லாமல் இருக்கவும் வங்கி விடாது. வங்கிகளிடமிருந்து கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே என்ற நிறுவனம் வாங்கும் வீட்டுக் கடன்களுக்கு ஐந்து சதவீதம்வரை டிடக்டிபிள் இருக்கலாம். நண்பரின் வீட்டுக்கு அது 26,000 டாலர். அவர் கூரையின் விலையே 17,000தான். பிறகு அந்தப் பாலிசியில் ஆலங்கட்டி என்ற சொல் எதற்கு, அழகுக்கா?

டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு மின்னஞ்சல் அனுப்பப் பத்து நிமிடம் போதும், நான் அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னால் இன்றிரவு பாலிசியின் முதல் இரண்டு பக்கங்களை எடுங்கள். காற்று, ஆலங்கட்டி என்ற வரிக்கு எதிரே சதவீதம் இருந்தால், வீட்டின் காப்பீட்டுத் தொகையால் பெருக்கிப் பாருங்கள். கூரைக்குப் புதுவிலை தருவார்களா, தேய்மானம் போக மிச்சம்தானா என்பதையும் பாருங்கள். பெருக்கி வந்த தொகையைக் கமெண்டில் போடுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஊரும் டாலரும் போதும்.