சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடியவர்

பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் மறைவு பற்றிய உங்கள் கட்டுரையில், அவருக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் பிராட் தெருவில் கூடிய கூட்டத்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அதில் 'திடீர் மறைவு' என்று எழுதியதுதான் உறுத்துகிறது. பார்க்கின்சன் நோய் அவரை வருஷக்கணக்காக முடக்கிக்கொண்டிருந்ததே!

2025 ஜூலை 5, வில்லா பார்க் மைதானம். நிற்க முடியாமல் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். கால் ஒத்துழைக்கவில்லை, ஆனால் அந்தக் கண்ணில் பழைய குறும்பு அப்படியே இருந்தது. டிரம்மர் பில் வார்டு உட்பட பிளாக் சபாத்தின் முதல் நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்தது 2005-க்குப் பிறகு அன்றுதான். பதினேழே நாள், 76 வயதில் போய்விட்டார்.

அவர் மேடையில் வௌவால் தலையைக் கடித்த கதையையே இன்னும் எத்தனை பேர் எழுதுவீர்களோ! நான் நேற்று ராத்திரி 1970-இல் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். மழை, தூரத்து மணியோசை, பிறகு அந்தக் கிடார். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். முடியவில்லை.