கடலின் காதிலேயே கடற்கரைப் பாட்டு

கத்திரி வெயிலில் வெந்து கிடக்கும் சென்னைவாசிக்கு, மாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் வீசும் காற்றைத் தவிரக் காசில்லாமல் கிடைக்கும் சுகம் வேறு எதுவும் இல்லை. அதையும் நிம்மதியாக அனுபவிக்க விடாமல், புளூடூத் ஸ்பீக்கரை மணலில் நட்டுவைத்து, கடலைப் பற்றிய பாட்டுகளைக் கடலின் காதிலேயே ஓதுகிற கூட்டத்தை என்னவென்று சொல்வது?

அந்தக் காற்று ஒன்றும் லேசில் வருவதில்லை. பகலெல்லாம் தரை கொதித்து, அதன் மேலிருக்கும் காற்று சூடேறி மேலெழும்பிய பிறகுதான் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் அதுவும் தாமதமாகி, வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அப்படிக் காத்திருந்து வந்து உட்கார்ந்தால், அலைச் சத்தத்துக்குப் பதிலாகத் ‘தும் தும்’ என்று நெஞ்சில் இடிக்கிற தாளம்தான் நம்மை வரவேற்கிறது. சுண்டல் விற்கும் பையன் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கரின் சொந்தக்காரரோ, சிவப்பும் நீலமுமாக அது மினுக்கிக்கொண்டிருக்க, பாட்டைக் காதில் வாங்காமல் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

பாட்டின்மேல் எனக்குப் பகையில்லை. 1965இல் வந்த ‘கலங்கரை விளக்கம்’ படத்தில் ‘காற்று வாங்கப் போனேன்’ என்றும், 1971இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் ‘கடலோரம் வாங்கிய காற்று’ என்றும் எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ். பாடியதை இன்றைக்கும் விரும்பிக் கேட்பவன்தான் நான். ஆனால் அந்த இரண்டு பாட்டிலும் பேச்சு காற்றைப் பற்றியது. அதே பாட்டைப் போட்டு அந்தக் காற்றின் சுகத்தையே கெடுப்பது எந்த ஊர் ரசனை?

நாலடி தள்ளி இன்னொரு கும்பல் அறுபதுகளின் கலிஃபோர்னியா அலைச்சறுக்குப் பாட்டுகளை அலறவிடுகிறது. அந்தப் பாட்டுகளால் உலகப் புகழ் பெற்ற பீச் பாய்ஸ் குழுவிலேயே உண்மையில் அலைச்சறுக்கில் ஈடுபட்டவர் டிரம்ஸ் வாசித்த டெனிஸ் வில்சன் ஒருவர்தான். நம் கும்பலில் கால் நனைக்கக்கூட ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசலுக்கு விசுவாசமாகத்தான் இருக்கிறார்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதை எடுத்துச் சொன்னால், “இது என்ன மைக் செட்டா சார், சின்ன ஸ்பீக்கர்தானே” என்று பதில் வருகிறது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு காதில் குத்துப் பாட்டும் மறு காதில் ஆங்கிலப் பாட்டுமாக உட்கார்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு சின்னது என்பது அவருக்கு விளங்கும். அவ்வளவு ஆசையென்றால் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்கட்டும், அல்லது வீட்டில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விடியவிடியக் கேட்கட்டும். நான் ஏனென்று கேட்கப்போவதில்லை.